எதற்கும் ‘போட்டே’ சொன்ன புஷ்கரேட்டன்

எங்கள் ரூட்டில் புஷ்கரேட்டனைத் திட்டியவர்கள் நிறைய உண்டு. அவர் திருப்பித் திட்டிக் கேட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. திருப்ரயாரிலிருந்து குன்னங்குளத்துக்குத் தனியார் பஸ் ஓட்டுகிற மனிதருக்கு இது லேசுப்பட்ட காரியமில்லை. ஆட்டோக்காரன் குறுக்கே வந்து விழுந்துவிட்டு அவரையே முறைப்பான். பின்னால் வருகிற பஸ்காரன் ஸ்டாண்டில் இறங்கி வந்து அம்மாவை இழுத்துத் திட்டுவான். புஷ்கரேட்டன் ஒரு சிரிப்புச் சிரிப்பார். “போட்டே” என்பார். விஷயம் முடிந்தது.

போட்டே என்பது எங்கள் மலையாளத்தில் நாள் முழுக்க வாயில் கிடக்கும் சொல். ‘விடு, போகட்டும்’ என்பதும் அதுதான். ‘நான் போகட்டுமா’ என்று விடைகேட்பதும் அதுதான். ஆள் ஏறி முடிந்ததும் கண்டக்டர் டிரைவருக்குக் கொடுக்கும் குரலும் அதுதான். நான் அந்த பஸ்ஸின் கண்டக்டர் பெண், சுஹரா. அந்தச் சொல்லைத் தொண்டை வறளச் சொல்வது என் பிழைப்பு.

ஊர் அவரைத் தங்கம் என்றது. நான் சொல்லமாட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கத்துவேன், சில்லறை தராதவனை நாலு கேள்வி கேட்பேன், அடுத்த ஸ்டாப்பில் மறந்துவிடுவேன். புஷ்கரேட்டனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவருடைய கோபம் வாய்வழியாக வராது, கால்வழியாக வரும். முதலாளி போனில் கடித்துக் குதறிய நாளில் அவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுப்பார். ஏங்கண்டியூர் தாண்டும்போது ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் கடகடவென்று ஆடும். பயணிகள் “நல்ல ஸ்பீடு இன்னைக்கு” என்று சந்தோஷப்படுவார்கள். எனக்கு மட்டும் விஷயம் தெரியும். அந்த நாட்களில் நான் வேண்டுமென்றே டிக்கெட் கொடுக்கத் தாமதம் செய்து, ஸ்டாப்புக்கு ஸ்டாப் அவரை நிறுத்திவைப்பேன்.

அவர் மனைவி வத்ஸலேச்சிக்கு (எங்களுக்கு அக்கா என்றால் சேச்சி, அண்ணன் என்றால் ஏட்டன்) ஊரில் பெயர் வேறு. வாயாடி, சண்டைக்காரி, பாவம் அந்த மனுஷன் எப்படித்தான் காலம் தள்ளுகிறாரோ என்று பேசுவார்கள். பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்தினால் கேட்கப் போவது சேச்சி. மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் அடி விழுந்தால் போய் நிற்பது சேச்சி. ஏட்டன் பின்னால் நின்று “போட்டே வத்ஸலே, போட்டே” என்பார். எதிராளிகூட இவரைப் பார்த்து இரக்கப்பட்டுப் போவான். நல்ல பெயர் இவருக்கு, கெட்ட பெயர் அவருக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேச்சியின் அண்ணன் தயானந்தன் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினான். துபாயில் சம்பாதித்துக் கட்டிய வீடு. முதல் பந்தியில் புஷ்கரேட்டன் உட்கார்ந்தார். சோறு வந்தது, பருப்பு வந்தது, நெய்யும் விழுந்தது. கையைச் சோற்றில் வைத்துவிட்டார். அப்போது தயானந்தனின் துபாய் முதலாளி பரிவாரத்தோடு வந்து சேர்ந்தார். தயானந்தன் மச்சானிடம் குனிந்து, “அளியா, நம்ம ஆளுதானே நீங்க, அடுத்த பந்தியில பார்த்துக்கலாமா?” என்றான். எங்கள் பக்கத்தில் இலையில் கை வைத்தவனை எழுப்புவதும் கன்னத்தில் அறைவதும் ஒன்று. புஷ்கரேட்டன் சிரித்தார். போட்டே என்று எழுந்து கை கழுவப் போனார். சேச்சிதான் அண்ணனைப் பந்தலில் வைத்துக் கிழித்து எடுத்தார். மங்கல வீட்டில் இப்படியா என்று ஊர் அவரைத்தான் ஏசியது.

அதற்கப்புறம் வந்த வியாழக்கிழமை. வாடானப்பள்ளி ஸ்டாப்பில் வத்ஸலேச்சி ஏறினார், கையில் பெரிய பெட்டியோடு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த பெண்கள் இருக்கையில் உட்கார்ந்து, என்னிடம் ரூபாயை நீட்டினார்.

“குருவாயூர் ஒண்ணு.”

“என்ன சேச்சி, உங்ககிட்ட நான் டிக்கெட் வாங்குறதா?”

“வாங்கு மோளே. இன்னைக்கு நான் டிரைவர் பொண்டாட்டி இல்ல, பாசஞ்சர்.”

“பெட்டி எதுக்கு?”

“அக்கா வீட்டுக்கு. திரும்பி வர்றதா இல்ல.” குரலைக் குறைக்கவில்லை. “காலைல ‘ஞான் போட்டே’ன்னு கேட்டேன். ‘போட்டே’ன்னாரு. உத்தரவு வாங்கிட்டுத்தான் கிளம்பினேன்.”

கண்ணாடியில் புஷ்கரேட்டனின் முகம் தெரிந்தது. அவர் கேட்டுவிட்டார். சிரித்துக்கொண்டிருந்தார். நான் மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

வண்டி புறப்பட்ட வேகத்தில் நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஏங்கண்டியூரில் நான் மணி அடித்தேன், அவர் நிறுத்தவில்லை. இறங்க வேண்டியவர் கத்தினார். திரும்ப அடித்தேன். கயிறு அறுந்துபோகிற அளவுக்கு இழுத்தேன். சேற்றுவா பாலம் தெரிந்தது.

“ஏட்டா, மெதுவா!” என்றேன். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

பாலத்தில் முன்னால் ஒரு மணல் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. புஷ்கரேட்டன் வலப்பக்கம் ஒடித்தார். எதிரே ஒரு பஸ் முழு விளக்கையும் போட்டுக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. யாரோ படைத்தவனைக் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன். நாங்கள் லாரிக்கு முன்னால் எப்படி நுழைந்தோம் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. எங்கள் பக்கவாட்டுக் கண்ணாடி மட்டும் படாரென்று தெறித்துப் போனது.

வாராவாரம் சாவக்காடு சந்தைக்குப் போகும் மொய்துட்டிக்கா எழுந்து நின்று கத்தினார். “எடோ, உனக்குச் சாகணும்னா தனியாப் போய்ச் சாவு! எங்களை ஏன் கூட்டிட்டுப் போறே?”

புஷ்கரேட்டன் தலையைத் திருப்பாமல், அதே சிரிப்போடு, “போட்டே இக்கா, போட்டே” என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. முன்னால் பாய்ந்து எஞ்சின் மூடியைத் தட்டினேன். “நிறுத்துங்க வண்டிய! இல்லேன்னா நான் ஓடுற வண்டியிலேயே கதவைத் திறப்பேன்!”

பாலம் இறங்கியதும் வண்டி நின்றது. எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

“எத்தனை உசுரு இருக்கு பின்னால, பார்த்தீங்களா? கோபம்னா வாயைத் திறந்து கோபம்னு சொல்லுங்க. கால்ல சொல்லாதீங்க. நீங்க சொல்ற வரைக்கும் வண்டிய எடுக்க நான் டபுள் பெல் அடிக்கமாட்டேன்.”

“யாருக்கு மோளே கோபம்? எனக்கு ஒண்ணுமில்ல,” என்றார். கால் இன்னும் ஆக்சிலரேட்டர் மேலேயே இருந்தது.

வத்ஸலேச்சி எழுந்து அவர் பக்கத்தில் வந்தார். “ஒண்ணுமில்லையா? பொண்டாட்டி பெட்டியோட போறா, ஒண்ணுமில்லையா? காலைல போன்னு சொன்னீங்களே.”

“நான் எப்ப போன்னு சொன்னேன்?” முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார். “நீ இன்னும் உங்க அண்ணன் வீட்டுக் கதையத்தான் பேசுறேன்னு நினைச்சேன். விடுன்னுதானே சொன்னேன்!”

பின்சீட்டில் ஒருவர் பக்கென்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?” என்றார் சேச்சி. “எல்லாத்தையும் விடுற ஆளு. என்னையும் விட்டுட்டீங்க. உங்களுக்கு வரவேண்டிய கோபத்தையும் சேர்த்து நானே பட்டு நானே சண்டை போட்டு, ஊருக்கு நான் பேய், நீங்க சாமி. எனக்கு முடியல.”

புஷ்கரேட்டன் எஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். அதுவரை நான் பார்த்தேயிராத ஒரு முகம் அவருக்கு வந்தது. உதடு கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

“கை வெச்சுட்டேண்டி!” என்று அலறினார். “நெய் ஊத்தின சோத்துல கை வெச்சுட்டேன்! நாயை எழுப்புற மாதிரி எழுப்பினான் உங்க அண்ணன். அந்த வீட்டு அஸ்திவாரத்துக்கு லீவு போட்டுக் கல்லு இறக்கினவன் நான். எனக்குக் கோபம் இல்லையா? ராத்திரி படுத்தா நெஞ்சு எரியுது எனக்கு!”

“அதை என்கிட்ட சொல்லலாமில்ல?”

“எங்க சொல்றது? நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீ ஊரைக் கூட்டிடுறே. அவன் எழுப்பினது நாலு பேருக்குத் தெரிஞ்சுது. நீ கத்தினதுல நாட்டுக்கே தெரிஞ்சுபோச்சு. உன் மேலயும் கோபம்தான் எனக்கு!” சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். பஸ் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொய்துட்டிக்கா மெல்ல உட்கார்ந்தார்.

வத்ஸலேச்சிக்கு அது உறைத்தது என்று எனக்குத் தெரிந்தது. கன்னம் சிவந்து போனது. அவர் பதில் சொல்லாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். “வண்டிய எடுங்க. மெதுவா,” என்றார்.

சாவியைக் கொடுத்தேன். குருவாயூர் வரைக்கும் சைக்கிள்காரன்கூட எங்களை முந்திப் போனான். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

ஸ்டாண்டில் சேச்சி பெட்டியோடு இறங்கினார். புஷ்கரேட்டன் ஜன்னலில் தலையை நீட்டி, “போகாதே வத்ஸலே,” என்றார். அத்தனை வருட வாழ்க்கையில் அவர் சேச்சியிடம் வேண்டாம் என்று ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“அக்காகிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன், போய்த்தான் ஆகணும்,” என்றார் சேச்சி. “சாயங்காலம் டியூட்டி முடிஞ்சு வாங்க. கோபத்தோடயே வாங்க. சிரிச்சுக்கிட்டு வந்தீங்கன்னா கதவைத் திறக்கமாட்டேன்.”

மாலையில் அவர் காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை வண்டி எடுக்கிற நேரத்துக்கு போன் வந்தது.

“சுஹரே, முதலாளிகிட்ட சொல்லி வேற டிரைவரைப் போடச் சொல்லு. நான் இன்னைக்கு லீவு.”

“என்னாச்சு ஏட்டா? எங்க இருக்கீங்க?”

“எங்க வீட்டுலதான், ரெண்டு பேரும். சண்டை. இன்னும் முடியல.”

பின்னால் சேச்சியின் குரல் எகிறியது. புஷ்கரேட்டன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, என் செவிப்பறை கிழிகிற மாதிரி கத்தினார். “இருடி, வர்றேன்! நான் இன்னும் சொல்லி முடிக்கல!”