பீரோவில் வளர்ந்த பூஞ்சை

போன சனிக்கிழமை காலை. தோசை தட்டில் விழுந்துவிட்டது, சட்னி இன்னும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் இரண்டு பேர்.

முன்னால் நின்றவர் ஞானதாஸ். பஹ்ரைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்புதான் இராஜாக்கமங்கலத்துக்கே திரும்பி வந்தவர். பின்னால், ஒரு ஆறடி தள்ளி, அவருடைய தம்பி வில்சன். ஒரே ஆட்டோவில்தான் வந்திருக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஞானதாஸ் கையில் ஒரு துணிப்பை. பைக்குள் பிளாஸ்டிக் கவர். கவருக்குள் இன்னொரு கவர். அதற்குள் பழைய பனியன். பனியனுக்குள் தோல் உறை. உறைக்குள்... ஒரு லென்ஸ்! ஆக, ஐந்து அடுக்கு. எதையும் எண்ணிப் பார்த்துவிடுகிற என் பழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே.

"சாரே, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லணும். இவன் கெடுத்தானா இல்லியான்னு" என்றார் ஞானதாஸ்.

"நான் தொடவே இல்ல சாரே" என்றார் வில்சன், ஆறடிக்கு அப்பாலிருந்து.

விஷயம் இதுதான். ஞானதாஸ் இளவயதில் பஹ்ரைனில் ஒரு ஃபிலிம் கேமராவும் இந்த லென்ஸும் வாங்கினார். ஒரு லீவுக்கு வந்தபோது லென்ஸை மட்டும் தம்பி கையில் கொடுத்து, பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். முப்பது வருடத்துக்கு மேல் அதை மறந்தும் போனார். இப்போது யூடியூபில் யாரோ ஒரு பையன், இந்த மாதிரிப் பழைய லென்ஸ்களுக்கு உலகமெங்கும் மவுசு என்று சொல்லிவிட்டான். அண்ணனுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. தம்பி பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். பார்த்தால் ஃபோகஸ் ரிங் அசையவில்லை. கண்ணாடிக்குள் வலை பின்னியிருக்கிறது.

அன்றிலிருந்து தம்பி வீட்டுப் படி அண்ணன் ஏறவில்லை. ஏறாவிட்டாலும் பரவாயில்லை. சர்ச் வாசலிலும் டீக்கடையிலும், "நான் குடுத்த சாமானத்த எவன் கேமராவுலயோ மாட்டி, படம் எடுக்க கல்யாண வீடு கல்யாண வீடா தூக்கிட்டு அலஞ்சி கெடுத்துட்டான், கேட்டா தொடவே இல்லங்கான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வில்சன் சபையில் செயலாளராக இருப்பவர். அறுபது வயதில் பொய்யன் என்று பெயர் வாங்குவது, அதுவும் சொந்த அண்ணன் வாயால்... யாருக்குத்தான் பொறுக்கும்?

இடையில் இந்த மவுசைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய பிள்ளைகள் ஒரு பைக் விலைக்குக் கேமரா வாங்குகிறார்கள். அது முகத்தைத் தேடும், முகத்தில் கண்ணைத் தேடும், தானே ஃபோகஸ் செய்யும். அப்படிப்பட்ட கேமராவில் ஒரு அடாப்டரை மாட்டி, கையால் திருகுகிற கிழட்டு லென்ஸைப் பொருத்துகிறார்கள். படம் மங்கலாக வந்தால் அதற்குப் பெயர் 'கேரக்டர்'. எனக்குக் கண்ணில் புரை வந்தபோது ஒருவரும் அதைக் கேரக்டர் என்று சொல்லவில்லை. ஆபரேஷன் என்றுதான் சொன்னார்கள்.

ஆனாலும் ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கிழட்டு லென்ஸ்களைத் திறந்து துடைத்து மூடுவது எனக்கும் தொற்றிக்கொண்டது. என் மனைவி இதை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறாள்.

சோதனையைத் தொடங்கினேன். முதலில் காதருகே வைத்து ஆட்ட வேண்டும். உள்ளே எதுவும் உருளவில்லை. அடுத்தது பின்பக்க ஸ்க்ரூக்கள். யாராவது திறந்திருந்தால் ஸ்க்ரூவின் தலையில் கீறல் இருக்கும். எவ்வளவு பெரிய மனிதர் வந்து மறுத்தாலும் ஸ்க்ரூ சாட்சியை மாற்றாது. ஐந்து ஸ்க்ரூ. ஐந்தும் சுத்தம். கேமராவில் மாட்டுகிற வளையத்தைப் பார்த்தேன். மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றி உழைத்த லென்ஸ் என்றால் அந்த இடம் தேய்ந்து பளபளக்கும். இது புது மாப்பிள்ளையின் மோதிரம் மாதிரி இருந்தது.

"இது கல்யாண வீட்டுக்குப் போன லென்ஸ் இல்லை" என்றேன்.

வில்சன் ஒரு அடி முன்னால் வந்தார்.

டார்ச் அடித்தேன். முன் கண்ணாடிக்குப் பின்னால் பூஞ்சை, நூல் நூலாக, நட்சத்திர வடிவத்தில், பார்க்க அழகாகவே வளர்ந்திருந்தது. பூஞ்சைக்கு வேண்டியது இருட்டு, ஈரம், காற்றில்லாத இடம். வில்சன் மூன்றுக்கும் ஏற்பாடு செய்திருந்தார். கடற்கரைக் காற்றின் ஈரத்தைத் தோல் உறை உறிஞ்சிக்கொள்ளும், பிளாஸ்டிக் கவர் அதை வெளியே விடாது. போதாக்குறைக்குப் பீரோவின் மேல்தட்டு, பட்டுச்சேலைக்கு அடியில்.

"வருசத்துக்கு ஒருக்க அந்துருண்டை மாத்துவேன் சாரே. வேற ஒண்ணும் செய்யல."

நம்புகிறேன். நம் மாவட்டத்தில் வெளிநாட்டுச் சாமான் எதையும் யாரும் உபயோகித்துக் கெடுத்ததில்லை. காப்பாற்றித்தான் கெடுத்திருக்கிறோம். சோபா வாங்கி பத்து வருடமாகியும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாத வீடு எத்தனை? துபாய்ப் போர்வை பெட்டிக்குள்ளேயே நைந்துபோன வீடு எத்தனை? ஷோகேஸில் இருக்கும் கண்ணாடி டம்ளரில் வாய் வைத்தவர் உண்டா? இந்த லென்ஸ் மாதம் ஒருமுறை வெயிலைப் பார்த்திருந்தால் பூஞ்சை இந்த அளவுக்கு வந்திருக்காது. தம்பி தொட்டிருந்தால் பிழைத்திருக்கும். தொடாததுதான் தப்பு.

இதைச் சொன்னேன். ஞானதாஸ் அசரவில்லை.

"அப்பம் ரிங் ஏன் திரும்பல? அதயும் அந்துருண்டை தின்னுட்டா? நான் குடுக்கும்போ வெண்ணெ மாதிரி திரும்பும் சாரே. ஒரு விரல் போதும்."

ரிங்கைத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. மார்கழிக் காலைக் குளிர் வேறு. ஜன்னலோரம் மேஜையில் வைத்துவிட்டு, வந்தவர்களைத் தோசை சாப்பிடச் சொன்னேன். ஞானதாஸ் நான்கு சாப்பிட்டார். வில்சன் தட்டில் வைத்த ஒன்றைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டார்.

கை கழுவி வந்து பார்த்தால், மேஜை மேல் வெயில் விழுந்திருந்தது. ரிங் மெதுவாகச் சுழன்றது. மூக்கருகே கொண்டுபோனேன். காறின தேங்காய் எண்ணெய் நெடி.

"உள்ளே எண்ணெய் விட்டிருக்காங்க" என்றேன். "ரிங்குக்கு அடியில, வெளியிலிருந்து."

"பாத்தியளா சாரே. விட்டவன் இந்தா நிக்கான்."

"வேதப்புத்தகத்துல கை வச்சிச் சொல்லுகேன்..." வில்சன் முன்னால் வைத்த அடியைப் பின்னால் எடுத்துவிட்டார்.

எனக்கும் சங்கடமாகிவிட்டது. ஸ்க்ரூ ஒரு பக்கம் சாட்சி சொல்கிறது, எண்ணெய் இன்னொரு பக்கம் சொல்கிறது. எண்ணெய்தானா என்று உறுதி செய்ய லென்ஸை ஒரு கவரில் சுற்றி பிரிட்ஜில் வைத்தேன். "மாவுச்சட்டி பக்கத்துல என்னத்த வைக்கிய?" என்று கேட்டாள் மனைவி. அரை மணி நேரம் மூவரும் உட்கார்ந்து, யாரும் படிக்காத செய்தித்தாளைப் பகிர்ந்துகொண்டோம்.

வெளியே எடுத்தேன். ரிங் மறுபடியும் கல் மாதிரி. ஞானதாஸ் கைநீட்டி வாங்கினார். ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்:

"அது அப்படித்தான் சாரே. ஏசி ரூம்ல வச்சா இறுகும். வெளிய வெயில்ல கொண்டு போனா இளகும். அதுக்க சுபாவம் அது."

வில்சன் நிமிர்ந்து பார்த்தார்.

வில்சன் வீட்டில் ஏசி கிடையாது. இருக்கிற ஒரே மின்விசிறியும் மழைக்கால முனகல் ஒன்றை வருடம் முழுக்க முனகுவது.

"எந்த ஏசி ரூம்ல அண்ணே?"

ஞானதாஸ் என் வீட்டுக் கூரையைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

"அப்பம் வெண்ணெ மாதிரி திரும்பிச்சுன்னு சொன்னது?" என்றார் வில்சன்.

"பஹ்ரைன்ல நான் கிரீஸுக்கு எங்க மக்கா போவேன்?" என்றார் ஞானதாஸ் கடைசியில். குரலில் பஹ்ரைன் கம்பீரம் இறங்கியிருந்தது. "ரிங்கு திரும்பதுக்கு கொஞ்சம் மடிச்சுது. ஊர்லருந்து கொண்டு போன எண்ணெதான் கையில உண்டு. கதவு கீச்சுன்னா அதத்தான் விட்டோம். காது வலிச்சா அதத்தான் விட்டோம். இதுக்கும் ரெண்டு சொட்டு விட்டேன், கேட்டியா. ரூமுக்குள்ள வந்ததும் இறுகிட்டு. சவம், கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன்."

"கெட்டுப் போச்சுன்னு நெனச்சிட்டா என் கையில தந்தே?"

ஞானதாஸ் வெறும் துணிப்பையை மடிக்கத் தொடங்கினார். வில்சன் என் பக்கம் திரும்பினார்.

"வருசா வருசம் அந்துருண்டை மாத்தினேன் சாரே" என்றார். அவ்வளவுதான்.

இருவரும் போய்விட்டார்கள். ஆட்டோவில் அல்ல. ஒருவர் பஸ்ஸுக்கு, ஒருவர் எதிர்ப்பக்கம். லென்ஸை எடுத்துப் போக இருவருமே மறந்துவிட்டார்கள், அல்லது மறந்த மாதிரி இருந்துவிட்டார்கள்.

சும்மா இருக்க முடியுமா? திறந்தேன். கழற்றிய ஸ்க்ரூக்களை ஐஸ் டிரேயின் குழிகளில் வரிசையாகப் போட்டேன். (அந்த டிரேயை மனைவி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.) ஃபோகஸ் ரிங்குக்கு உள்ளே ஒன்றுக்குள் ஒன்று திருகி நிற்கும் மரைகளைப் பிரிக்கும்போது, எந்த இடத்தில் பிரிகின்றன என்று பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். குறிக்காமல் பிரித்தால், திரும்ப மாட்டும்போது நுழைய நாலைந்து வழி இருக்கும், ஒன்றுதான் சரியான வழி. மற்ற வழிகளில் நுழைந்தாலும் ரிங் சுழலும், ஆனால் தூரத்து மலை தெளிவாக விழவே விழாது. குறித்துக்கொண்டேன்.

பழைய எண்ணெய், சோப்பு மாதிரித் திரண்டு வந்தது. லைட்டர் திரவத்தில் பல் பிரஷை நனைத்துத் தேய்த்தேன். வெளிச்சம் நுழையும் துவாரத்தை விரித்துச் சுருக்குகிற பிளேடுகள் ஆறு. ஆறிலும் எண்ணெய் படிந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பஹ்ரைனில் விட்ட இரண்டு சொட்டு எவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது! பூஞ்சையை ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். போய்விட்டது. ஆனால் அது உட்கார்ந்திருந்த இடத்தில் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டிருந்தது. சாய்த்துப் பிடித்தால் மெல்லிய தடம் தெரியும். அது போகாது. வெளிச்சத்துக்கு எதிரே படம் எடுத்தால் சற்றுப் புகைமூட்டமாக இருக்கும். மற்றபடி, புது கிரீஸ் போட்டபின் ரிங் நிஜமாகவே ஒரு விரலுக்குச் சுழன்றது.

புதன்கிழமை ஞானதாஸ் போன் செய்தார். லென்ஸ் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "அத அவன் கையிலயே குடுத்திருங்க சாரே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மாலையில் வில்சன் வந்தார், தனியாக. முகம் தெளிந்திருந்தது.

"அண்ணன் நேத்து வீட்டுக்கு வந்தான் சாரே. ஒரு நெய்மீன், முழுசு. அடுக்களை வாசல்ல வச்சிட்டு, மாங்கா போட்டு கறி வைக்கச் சொன்னான்."

"மன்னிப்பு கேட்டாரா?"

வில்சன் என்னைச் சற்று வினோதமாகப் பார்த்தார். "நெய்மீன்னு சொன்னேம்லா சாரே. மூணு மட்டம் சோறு வாங்கித் தின்னான். போகும்போ, சர்ச்ல எல்லார்ட்டயும் நான் சொல்லிக்கிடுகேன்னு சொன்னான்."

எவ்வளவு பெரிய மீன் என்று கேட்டேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

நம் பக்கத்து அண்ணன்மாருக்கு மன்னிப்பு வாய் வழியாக வராது, மீன்காரி கூடை வழியாகத்தான் வரும். அது சரிதான்... தீர்ப்புச் சொன்னவன் வீட்டுக்கு ஒரு வால் துண்டாவது வந்திருக்கலாம்.