மாமா அனுப்பிய பாட்டு கேசட்

துபாயில் வேலை பார்க்கும் என் மகனுக்கு இரண்டு வரி எழுத நேரமில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால், எழுபது வயதைக் கடந்த ஏதோ ஒரு ராக் குழுவின் புது ஆல்பத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். கூட ஒரு சொல் கிடையாது. ஒரு மாதமாக அவன் அனுப்புவதையெல்லாம் கடைசி நொடிவரை கேட்டுத் தொலைக்கிறேன். "உங்களுக்குப் பிராந்தா, கிறுக்கா?" என்கிறாள் மனைவி.

காரணம் என் தாய்மாமா. நான் ஆறாம் வகுப்பு படித்தபோது அவர் வளைகுடாவில் இருந்தார். அன்று எங்கள் ஊரான கருங்கல் பக்கம் பல வீடுகளில் கடிதம் என்றால் கேசட்தான். அவர் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும். பிறகு அதே கேசட்டில், அவர் பேச்சின் மேலேயே எங்கள் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவோம். டேப்ரிக்கார்டர் என் பொறுப்பு.

ஒருமுறை வந்தது கடையில் வாங்கிய பாட்டு கேசட். மாமா கல்லூரியில் தலைமேல் வைத்துக் கொண்டாடிய வெள்ளைக்காரர்கள், பல வருடம் காணாமல் போய், நரைத்த தலைகளோடு திரும்பி வந்து போட்ட ஆல்பம். அம்மா தம்பியின் குரலுக்காகக் காத்திருந்தாள். ஒரு பக்கம் முழுக்க கிட்டார்தான். திருப்பிப் போட்டேன். இரண்டாவது பாட்டில் அப்பாவுக்குப் பொறுமை போயிற்று.

"நாலு கெழவனுவ கெடந்து அலறுகானுவ. அணைலே அத."

"கடைசியில ஏதாவது பேசியிருப்பான்" என்றாள் அம்மா.

"பேசணும்னு உள்ளவன் மொதல்லயே பேசியிருப்பான்."

அணைத்தேன். வழக்கம்போல அதன் மேலேயே இரண்டு பக்கமும் நிறையப் பேசினோம். அப்பாவுக்குத் தார்ப்பாய், டார்ச். அம்மாவுக்குக் கம்பளி. நான் என் கால் அளவைச் சொன்னேன்.

அடுத்த கேசட்டில் மாமா பாட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை. கேட்ட ஒவ்வொன்றுக்கும் சரி, சரி என்றார். புத்தி வந்துவிட்டது என்றார் அப்பா. மாமா பதினோரு வருடம் அங்கேயே கிடந்தார்.

போன மாதம் குழித்துறையில் அவர் வீட்டில், மகனைப் பற்றி நான் அலுத்துக்கொண்டபோது மாமா சிரித்தார்.

"நானும் அனுப்பினேன்லா. கடைசிப் பாட்டு முடிஞ்ச பொறவு பேசியிருந்தேன் மக்கா. என்னால இங்க நிக்க முடியல்ல, வந்துரட்டா அக்கான்னு. சத்தம் தாங்காம அத்தான் எழும்பிப் போயிருவாரு, அக்கா மட்டும் இருந்து கேப்பாளுன்னு நெனச்சேன். உங்க பதில்ல அதப்பத்தி ஒண்ணும் இல்ல. வரண்டாம்னு எடுத்துக்கிட்டேன்."

கடையில் வாங்கும் பாட்டு கேசட்டின் விளிம்பில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். அவற்றை அடைக்காமல் அதில் யாரும் எதையும் பதிய முடியாது. ஆறாம் வகுப்பில் அன்று, எங்கள் பதிலைப் பதியுமுன் அவற்றை அடைப்பதற்காகக் கத்தரியும் காகிதமுமாக உட்கார்ந்தேன். இரண்டு ஓட்டையின் மேலும் ஏற்கெனவே செல்லோடேப் ஒட்டியிருந்தது. வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டு, பதிவு பட்டனை அழுத்தினேன்.