புல் வெட்டாத மூன்று டிராக்டர்கள்

"பெண்சாதி இல்லாமல் நான் இருந்திடுவன். டிராக்டர் இல்லாமல் ஒருநாளும் இருக்கமாட்டன்."

2009ஆம் ஆண்டு, பரமட்டாவுக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில், தன்னுடைய அறுபதாவது பிறந்தநாள் விழாவில், கையில் மைக்கும் வாயில் பாதிக் கேக்குமாக நின்று விக்னராஜா அண்ணை விடுத்த பிரகடனம் இது. உலகத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரும் ஏதோ ஒரு மேடையில் ஏதோ ஒன்றைச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள்தான். அவர்களுக்காவது எழுதிக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். அண்ணை சொந்த முயற்சியில் மாட்டிக்கொண்டார்.

மண்டபம் கைதட்டியது. பின்வரிசையில் எங்களோடு இருந்த சிறிதரன், "அப்ப அக்காவை என்ன செய்யப் போறியள்? ஷெட்டுக்குள்ள விட்டு ஒயில் மாத்தப் போறியளோ?" என்று கத்தினான். அதற்கும் கைதட்டல். அண்ணையின் மனைவி இரஞ்சிதம் அக்கா மாம்பழ நிறச் சேலையில் பக்கத்திலேயே நின்றா. "முதல்ல வாயில இருக்கிறதை விழுங்குங்கோ" என்று சொல்லி அவவும் சிரித்தா. அந்தச் சிரிப்பு வீடியோவில் வடிவாக விழுந்திருக்கிறது.

டிராக்டர் என்றதும் வயலும் சேறும் கண்ணில் வரவேண்டாம். இவை தோட்ட டிராக்டர்கள். கன்றுக்குட்டி உயரம், ஒரு ஆள் ஏறியிருக்கலாம், வயிற்றுக்குக் கீழே தகடு சுழன்று புல் வெட்டும். அமெரிக்காவில் ஏக்கர்க் கணக்கில் புல் வைத்திருந்த சீமான்களுக்காக ஐம்பது வருசத்துக்கு முன் செய்தவை. அவற்றில் மூன்று, ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை, எப்படியோ கடல் தாண்டி வந்து, யாரோ ஒருவருடைய பண்ணையில் கோழிகளுக்கு அடை கிடக்க இடம் கொடுத்து, கடைசியில் செவன் ஹில்ஸில், என்னுடைய வீட்டுக்குப் பக்கத்தில், அண்ணையின் ஷெட்டுக்குள் அடைக்கலம் பெற்றன. விசாப் பிரச்சினை ஒன்றும் வரவில்லை.

அண்ணை பரமட்டாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கோப்புப் பார்த்தவர். அலுவலகம் வேலையை வேறு நாட்டுக்கு அனுப்பிவிட்டு அண்ணையை வீட்டுக்கு அனுப்பியது. அதற்குப் பிறகுதான் ஸ்பானர் பிடித்தார். பிடித்த பிறகு விடவில்லை.

இங்கே சரித்திரம் மறைக்க முடியாத ஒரு உண்மை உண்டு. அண்ணையின் பின்வளவில் ஒரு டிராக்டர் திரும்ப இடமில்லை. முன்னுக்குப் போனால் வேலி. பின்னுக்கு வந்தால் இரஞ்சிதம் அக்காவின் கறிவேப்பிலை. ஆகவே புல் வெட்டும் டிராக்டர் மூன்று நின்ற அந்த வீட்டில் புல்லை வெட்டியது இரஞ்சிதம் அக்கா, கையால் தள்ளுகிற மெசினால். "புல்லு ஒட்டினா பெயின்ற் பழுதாப் போயிடும்" என்பது அண்ணையின் விளக்கம்.

துரு எடுக்கிற வேலைக்கு அக்காவின் லோண்டரித் தொட்டிதான். அதற்குள் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த இரும்பை இறக்கி, பற்றரி சார்ஜரைக் கொழுவி விட்டால் துரு தானாகக் கழலும். கழலுகிற துரு எங்கே போகும் என்று அண்ணை யோசிக்கவில்லை. அந்த மாதம் அக்காவின் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் காவி வாங்கின. கோயிலில் ஆட்கள், "சன்னியாசம் வாங்கிட்டியளோ அக்கா?" என்று கேட்டார்கள். "நான் எங்க வாங்கிறது? அவர் விட்டாத்தானே" என்றா.

நெடுநாள் கிடந்த எஞ்சினை எழுப்ப இரண்டு பேர் வேண்டும். அண்ணை முன்னால் குனிந்து கார்பரேட்டருக்குள் பெற்றோல் சொட்டுவார். அக்கா சீற்றில் ஏறியிருந்து சாவியைத் திருப்பியபடி, காற்றை அடைக்கிற சோக் குமிழை இழுப்பா.

"இழும்... விடும்... இழும் எண்டுறன்!"

"முப்பத்திரண்டு வருசமா இழுத்துக்கொண்டுதானே இருக்கிறன்."

பிறகு ஒரு புகை வரும். ஒற்றைச் சிலிண்டர் ஒருமுறை இருமும். பிறகு பிடிக்கும். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்பார். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணையின் முகத்தைப் பார்ப்பா. இதற்கு மேல் அவர்களுடைய இல்லறத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் நல்ல இல்லறமாகத்தான் தெரிந்தது.

2010இல் மகள் கஜந்தி பிள்ளைத்தாய்ச்சி. அவளும் மருமகன் யசோதரனும் மெல்பேர்னில் டார்னெய்ட் பக்கம் புதுவீடு கட்டிப் போயிருந்தார்கள். பிள்ளைப்பேறு பார்க்கத் தாய் போகவேண்டும். அது எங்கள் சட்டம். சரக்குத் தூளும் நல்லெண்ணெயுமாக அக்கா வெளிக்கிட்டா. "மூண்டு மாதத்தில வாறன். ஃபிறிஜ்ஜில கறி கட்டி வைச்சிருக்கிறன், சூடாக்கிச் சாப்பிடுங்கோ. சோடாவை லோண்டரிக்குள்ள கரைக்காதேங்கோ." அண்ணை தலையாட்டினார். அன்று பின்னேரமே கரைத்தார்.

பேத்தி பிறந்தாள். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிவு, பெயர் வைக்கிறது, சொந்தபந்தத்துக்குச் சாப்பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துத்தான் பென்ரித்துக்கு அங்கால் ஒரு மைதானத்தில் பழைய இயந்திரங்களின் கண்காட்சியும் வந்து விழுந்தது. அண்ணை பச்சையை அதற்காகவே ஒரு வருசமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்?" என்று கஜந்தி போனில் கேட்டாள். "டிராக்டர் ஷோவுக்கோ?"

"பிள்ளை, முப்பத்தொண்டு எண்டா அந்தக் குஞ்சுக்கு என்ன தெரியப்போகுது? அது நித்திரையாக் கிடக்கும். ஷோ வருசத்துக்கு ஒருக்கா."

போன் கை மாறியது.

"இஞ்சருங்கோ, வரமாட்டியளோ?"

"அடுத்த கிழமை வாறன் இரஞ்சி."

"அடுத்த கிழமை முப்பத்தொண்டு இல்லை."

"பச்சையை நீரும் பாத்தனீர்தானே, எவ்வளவு கஷ்டப்பட்டு..."

"சரி" என்றா அக்கா.

முப்பத்திரண்டு வருசம் குடும்பம் நடத்தியவர், அந்தச் 'சரி'யைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனை வைத்தார். எஞ்சினில் ஒரு சின்னத் தட்டுச் சத்தம் வந்தாலே எந்தப் பேரிங் என்று சொல்லுகிற காது அது.

கண்காட்சியில் சோக் இழுக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப் போனார். நான் சீற்றில் ஏறியிருந்து குமிழை இழுத்தேன். விரல் நகம் பிய்ந்துவிடும் போல இருந்தது.

"அண்ணை, இது சரியான இறுக்கமெல்லோ?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இறுக்கமோ? இரஞ்சி ஒரு நாளும் சொல்லேல்லையே."

ஐந்தாவது தரம்தான் எஞ்சின் பிடித்தது. மூன்றாம் பரிசு கிடைத்தது. தோட்ட டிராக்டர் பிரிவில் மொத்தம் எத்தனை டிராக்டர் என்று பொறாமை பிடித்தவர்கள் கேட்பார்கள். மூன்று. நடுவராக வந்த வெள்ளைக்காரக் கிழவர் பொனற் மூடியின் ஆணி ஒன்றைச் சுட்டிக்காட்டி, அந்தக் காலத்து ஆணி இதுவல்ல என்று மிகுந்த துயரத்தோடு சொன்னார். அண்ணையும் மிகுந்த துயரத்தோடு கேட்டுக்கொண்டார். அதே நேரம் டார்னெய்ட்டில் யசோதரனின் தகப்பன் பேத்தியை மடியில் வைத்து அவளுடைய காதில் மூன்று தரம் பெயரைச் சொன்னார். படம் வந்தது. அக்காவுக்குப் பக்கத்துக் கதிரையில் யாரும் இல்லை. யாரோ ஒரு பையைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

மூன்று மாதம் முடிந்தது. "பிள்ளை கொஞ்சம் தேறட்டும்" என்றா அக்கா. பிள்ளை தேறியது. "கஜந்தி வேலைக்குத் திரும்பவேணும், பிள்ளையை ஆர் பாக்கிறது?" என்றா.

2011 தொடக்கத்தில் அண்ணையே ஒருமுறை போனார். அக்கா ஒன்றும் கேட்காமல் அவருடைய தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தா. பல வருசமாக அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. சீனி போடாத, சாயம் கூடின தேத்தண்ணி. கிழமைக் கணக்கில் நிற்கிறதாகத்தான் போனவர், இரண்டு இரவோடு வெளிக்கிட்டார். மஞ்சளின் பிஸ்டன் இறுகிப்போய், சிலிண்டருக்குள் ஒயில் ஊற்றி ஊற வைத்திருந்தாராம். ஒவ்வொரு நாளும் சக்கரத்தை ஒருக்கால் அசைத்துக் கொடுக்காவிட்டால் திரும்பவும் பிடித்துவிடுமாம். அக்கா வாசல்வரை வந்தா. "பிஸ்டன் இளகினா போன் பண்ணுங்கோ" என்றா. பிஸ்டன் இளகியது. அண்ணை போன் பண்ணினார். அக்கா பிள்ளையைக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்ததால் பேச முடியவில்லை.

வருசக் கடைசியில் கஜந்திக்கு இரண்டாவது பிள்ளை.

செவன் ஹில்ஸில் புல் வளர்ந்தது. அண்ணையின் மற்றப் பக்கத்து வீட்டு பிரையன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மேற், உன்னட்ட மூண்டு மோவர் நிக்குது. பாம்பும் நிக்குது எண்டு நினைக்கிறன்" என்றான். அண்ணை கடைசியில் தள்ளு மெசினை வெளியே எடுத்தார். அதன் கைப்பிடி அக்காவின் உயரத்துக்குப் பூட்டப்பட்டிருந்தது. அண்ணை ஆறடி. இரண்டு நட்டைக் கழற்றிக் கைப்பிடியை உயர்த்த அவருக்கு ஒரு நிமிசம் போதும். எந்த இயந்திரத்தையும் அப்படி விட்டு வைக்கிற மனிசனில்லை. இதை மட்டும் தொடவில்லை. கூனிக் குனிந்தே வளவு முழுதும் வெட்டி முடித்து, அடுத்த நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு என்னுடைய வீட்டுக்கு வந்து கோடாலித் தைலம் கேட்டார்.

தைலம் பூசும்போது விஞ்ஞானம் பேசினார். "எஞ்சின் ஒண்டு ஸ்டார்ட் ஆகேல்லை எண்டா மூண்டு விசயம்தான். பெற்றோல், காத்து, நெருப்பு. மூண்டும் இருந்தா அது பிடிச்சே ஆகவேணும். நான் என்ன குறை வைச்சனான்? வீடு இருக்கு. பென்சன் இருக்கு. ஒருநாள் கை நீட்டியிருப்பனே?"

"நீங்கள் அவவை வரச் சொல்லிக் கேட்டனியளோ அண்ணை?"

"எப்ப வாறீர் எண்டு கேக்கிறனான்தானே."

"அது வேற அண்ணை."

2012 தீபாவளிக்கு அவர் உண்மையிலேயே கேட்டார். என்னுடைய வீட்டுக் குசினியில் இருந்துதான் போன் எடுத்தார். தனியாக எடுக்கப் பயம் என்று நினைக்கிறேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"இரஞ்சி, வாருமன்."

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. பிறகு அக்கா நிதானமாகச் சொன்னா. "நீங்கள்தானே சொன்னனியள், மைக்கிலை."

"எதை?"

"பெண்சாதி இல்லாமல் இருந்திடுவன் எண்டு."

"ஐயோ, அது பகிடி. நீரும் சிரிச்சனீர்தானே!"

"சனம் பாத்துக்கொண்டு நிண்டது. அழச் சொல்லுறியளோ?" என்றா. கோபம் இல்லை, அரிசி விலை சொல்லுகிற குரல். "முப்பத்தொண்டுக்கு நீங்கள் வந்திருந்தா மூண்டாம் மாதமே நான் வந்திருப்பன். வரேல்லை. சரி, இல்லாமல் இருந்து பாக்கட்டும் எண்டு நினைச்சன். பிறகு அதையும் மறந்துபோனன். இஞ்ச வேலை கூட. சின்னவன் எழும்பிட்டான், வைக்கட்டே?"

அண்ணை போனை என்னுடைய மேசையில் வைத்தார். தீபாவளிப் பலகாரத்தில் ஒரு முறுக்கை எடுத்து, கடிக்காமல், அதன் சுற்றுகளை ஏதோ கழன்ற ஸ்பிரிங்கைப் பார்க்கிறது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2013இல் அவர் டார்னெய்ட்டுக்குப் போகிறதென்று முடிவெடுத்தார். கஜந்தி ஒன்றே ஒன்று சொன்னாள்: "வாங்கோ அப்பா. பட், டிராக்டர் ஒண்டும் வேண்டாம். கராஜுக்குள்ள ரெண்டு காரும் பிள்ளையின்ர பிராமும். பக்கத்துக் கேற்றால குப்பை வாளியே கஷ்டப்பட்டுத்தான் வருது." பச்சையை மட்டும் என்று அவர் வாதாடுவார், குறைந்தது ஒரு மாதம் இழுபடும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். சிறிதரன் பந்தயம்கூடக் கட்டினான். அண்ணை "ஓம்" என்றார். பழைய இயந்திரக் கிளப்காரர்கள் டிரெய்லரோடு வந்து மூன்றையும் சும்மா ஏற்றிக்கொண்டு போனார்கள். பச்சையைக் கட்டும்போது, "அந்தப் பொனற் ஆணி பிழை, ஒருக்கால் மாத்துங்கோ" என்று மட்டும் சொன்னார்.

அவரையும் இரண்டு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு நான்தான் மெல்பேர்னுக்குக் காரோட்டினேன். வழியில் எங்கேயோ ஒரு பண்ணை வேலியோரம் பழைய டிராக்டர் ஒன்று புல் பூண்டுக்குள் புதைந்து கிடந்தது. நான் காரை மெதுவாக்கினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தது மூன்று வயதுப் பேத்தி. எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "அம்மம்மா, சம்வன் இஸ் ஹியர்!" என்றாள்.

அக்கா குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தா. "ஆ, வந்திட்டியளோ. கதிரையில இருங்கோ. பயணம் எப்பிடி?" முகத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வருகிற எவருக்கும் கொடுக்கிற நல்ல முகம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே சின்ன வளவு, நல்ல பச்சை. பார்த்தால் பிளாஸ்ரிக் புல். அந்த வீட்டில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

"தேத்தண்ணி போடட்டே?" குசினி வாசலில் நின்று திரும்பினா. அந்த வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை விதமாகத் தேத்தண்ணி போடுகிறாவோ. மருமகனுக்கு ஒன்று, சம்பந்தி வந்தால் ஒன்று. ஒரு கணம் யோசித்தா. "உங்களுக்குச் சீனி எத்தினை?"

உண்மையாகவே மறந்துதான் கேட்டா. நான் வாயைத் திறந்தேன். அண்ணை மேசைக்குக் கீழே என்னுடைய காலை மிதித்தார்.

"நீர் போடுறதைப் போடும்" என்றார்.

பாலும் சீனியுமாக வந்தது. கரண்டி அசையச் சிரமப்படுகிற சீனி. அண்ணை அடிவரை குடித்தார். அக்கா சின்னவனைத் தூக்க உள்ளே போன நேரம் நான் குனிந்து மெதுவாகச் சொன்னேன்: "அண்ணை, பச்சை இன்னும் கிளப்பில்தான் நிக்குது. வேணுமெண்டா நான் கேட்டு எடுத்துத் தாறன். உங்கட வீடும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லைத்தானே."

அக்கா சின்னவனை இடுப்பில் வைத்தபடி குசினிக்குத் திரும்பினா. அண்ணை வெறுங்கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிக் குசினி வாசலுக்குப் போய் நின்றார்.

"இரஞ்சி, இன்னொரு தேத்தண்ணி தாறீரே?"

"சீனி?"

"அதே அளவு" என்றார்.