எங்கள் டீம் மேலே போகாத வருடம்

பந்து மேல் கம்பியில் மோதிய சத்தத்தை நான் கேட்டேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. அத்தனை கூச்சலில் எப்படிக் கேட்கும் என்பார்கள். ஆனால் எங்கள் கேப்டன் ஓடிவந்து அந்தப் பெனால்டியை உதைத்த நேரத்தில் நாகர்கோவில் மைதானத்தில் கூச்சலே இல்லை. செண்டை அடித்துக்கொண்டிருந்தவர்கள் குச்சியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார்கள். பக்கத்தில் நின்ற மைனி என் கையை மணிக்கட்டுக்கு மேலே இறுக்கிப் பிடித்திருந்தாள். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை மைனி என்றுதான் கூப்பிடுவோம். டங் என்று ஒரு சத்தம். பந்து மேலே எழும்பி, சாயங்கால வெயிலில் ஒரு நொடி நின்றாற்போலத் தெரிந்து, கோல் போஸ்டுக்குப் பின்னால் போய் விழுந்தது. மைனியின் பிடி தளர்ந்தது. விரல்கள் பதிந்திருந்த இடத்தில் வெள்ளையாகத் தடம் இருந்தது.

அது பிளே-ஆஃப் ஆட்டம். ஜெயிக்கிறவர்கள் மாநிலத்தின் மேல் பிரிவுக்குப் போவார்கள், தோற்கிறவர்கள் திரும்பவும் கீழேயிருந்து தொடங்க வேண்டும். மேற்குக் கடற்கரையில் கோவிலும் கடலும் பந்தும் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லாத எங்கள் ஊர் அதற்கு முன் அவ்வளவு தூரம் எட்டியதே கிடையாது. முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். ஆட்டம் முடிய வேண்டிய நேரத்துக்கும் மேலே, ரெப்ரி கூட்டிக்கொடுத்த நேரத்தில், அவர்கள் ஒரு கார்னரிலிருந்து ஒன்றைத் திருப்பிப் போட்டார்கள். பிறகு பெனால்டி. அவர்களுடைய ஐந்தாவது அடியை எங்கள் கோலி பாய்ந்து தட்டிவிட்டான். கேப்டன் தன்னுடையதைப் போட்டிருந்தால் போதும், நாங்கள் மேலே போயிருப்போம். அது கம்பியில் பட்டது. அடுத்து அவர்கள் போட்டார்கள், எங்கள் பையன் ஒருவன் நேராகக் கோலியின் கையில் கொடுத்தான். அவ்வளவுதான். மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றால் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கலாம். ஒரு கை அகலத்தில் தோற்றால் தண்ணீர்கூட இறங்காது.

மைனி எப்படி அந்த மைதானத்துக்கு வந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். என் அண்ணன்தான் முன்பு எங்கள் டீமின் கோலி. நல்ல உயரம், வள்ளத்துக் கயிறு இழுத்து இழுத்துக் காய்ப்பேறிய பெரிய கைகள். கொச்சியிலிருந்து புறப்படும் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போவான், லீக் தொடங்குகிற சமயத்துக்கு எப்படியாவது கரைக்கு வந்துவிடுவான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு என்பதால் அம்மா என்னைக் கடலுக்கு விடவில்லை. நான் படித்து மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணன் விளையாடிய காலத்தில் மைனி ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. அவனை நோக்கிப் பந்து வருவதைப் பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை. நாங்கள் மைதானத்துக்குப் போனதும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபமாலை சொல்வாள். தூரத்தில் ஆரவாரம் கேட்டால் அது எங்கள் கோலா அவர்கள் கோலா என்று தெரியாமல் இன்னும் வேகமாகச் சொல்வாளாம். அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

கல்யாணம் கழிந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. ஒரு டிரிப் போன படகு திரும்பவில்லை. ஏதோ ஒரு கப்பல் இடித்துவிட்டுப் போயிருக்க வேண்டும் என்றார்கள். உடைந்த பலகைகள் கிடைத்தன. இரண்டு பேருடைய உடல்கள் கிடைத்தன. மற்றவர்கள் கிடைக்கவில்லை, அண்ணனும் கிடைக்கவில்லை. அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு முடியாது. மற்ற வீடுகளில் கொஞ்ச காலம் காத்திருந்துவிட்டு, படத்துக்கு மாலை போட்டு, மரித்தோர் பூசை வைத்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் வைக்கவில்லை. மைனி ஒத்துக்கொள்ளவில்லை. வண்ணப் புடவையை மாற்றவில்லை, தாலியைக் கழற்றவில்லை.

அம்மா அவளோடு அதற்காகச் சண்டை போடாத வாரமில்லை. "எனக்க பிள்ளைக்க ஆத்மா கரையேறாம கெடக்குதுடீ, ஒரு பூசைக்கு நீ சம்மதிச்சா என்ன?" என்பாள். மைனி திரும்பிப் பார்க்காமல், "அவரு வருவாரு மாமி. வந்து நின்னு எனக்கு ஏன் பூசை வச்சியன்னு கேட்டா நான் என்ன சொல்லது?" என்பாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு கோவிலுக்குப் போய் அச்சனிடம், எங்கள் பங்குச் சாமியாரிடம், முறையிடுவாள். அச்சன் பொறுமைசாலி. அந்தப் பெண் மனதைத் திறந்து சம்மதிக்கிற அன்று வைக்கலாம், அதுவரை கட்டாயப்படுத்த வேண்டாம் என்று திருப்பி அனுப்புவார்.

இப்படி இருந்த மைனி அடுத்த லீக் தொடங்கிய அன்று, நான் செருப்பை மாட்டும்போது, "தம்பி, நானும் வாறேன்" என்றாள். அதுவரை வாசல் தாண்டாதவள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. துக்கத்தைக் கொஞ்சம் இறக்கிவைக்க ஓரிடம் வேண்டுமல்லவா என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவள் ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. எங்கள் கோல் போஸ்டுக்குப் பின்னால்தான் நிற்பாள். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறினால் அவளும் மாறுவாள். முதல் வருடம் பேசாமல் நின்றாள். பிறகு கத்த ஆரம்பித்தாள். "லே மக்கா, முன்னால ஏறாத, பின்னால ஆளு வாறான்!" என்று அவள் போடுகிற சத்தத்துக்குப் புதிய கோலி திரும்பித் தலையாட்டுவான். எங்கள் கிளப் செக்ரட்டரி வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்து ஊரில் அமர்ந்தவர், பெரிய வாய்க்காரர். அவரே, "கோச்சு ரெண்டு பேரு நமக்கு, ஒருத்தருக்கு விசிலு, ஒருத்திக்கு தொண்டை" என்று எல்லோரிடமும் சொல்வார். மழையில் நனைந்திருக்கிறாள். ஆரல்வாய்மொழியில் ஒரு ஆட்டத்துக்குப் போனபோது காற்றில் நிற்க முடியாமல் நாங்கள் எல்லோரும் வேனுக்குள் ஏறிக்கொண்டோம், அவள் முந்தானையைத் தலையில் சுற்றி இறுக்கிக்கொண்டு கடைசிவரை வெளியே நின்றாள். நாங்கள் தோற்கிற நாட்களில் அவள் முகம் செத்துப்போகும். ரசிகர்கள் எல்லோருக்கும் அப்படித்தான், ஆனால் எங்களுக்கு மறுநாள் சரியாகிவிடும். அவளுக்கு அடுத்த ஆட்டம் வரைக்கும் சரியாகாது.

அந்த பிளே-ஆஃப் முடிந்து வேனில் ஏறினோம். வேன் பார்வதிபுரம் தாண்டியது. கேப்டன் கடைசி இருக்கையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தான். பிறகு செக்ரட்டரிதான் தொடங்கினார். "அந்தப் பயல மாத்தியிருக்கப்பிடாது மக்கா. நல்லா ஓடிட்டுத்தான நின்னான்." உடனே எல்லோரும் தொடங்கிவிட்டார்கள். ரெப்ரி அவ்வளவு நேரம் கூட்டியிருக்கக் கூடாது. அந்தக் கார்னரில் முன் போஸ்டில் ஒரு ஆள் நின்றிருக்க வேண்டும். முதல் பாதியில் கிடைத்த இன்னொரு பந்தை உள்ளே தள்ளியிருந்தால் பெனால்டியே வந்திருக்காது. ஒருவன் குரலைத் தாழ்த்தாமலே, "இவன் எப்பவும் தரையோடத்தான அடிப்பான், இன்னைக்கு எதுக்குலே தூக்கினான்?" என்றான். கடைசி இருக்கையில் துண்டு அசைந்தது.

இந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். படகு வராமல் போன நாட்களில் எங்கள் வீட்டு முற்றத்தில் இதே ஆட்கள் உட்கார்ந்து இதே மாதிரிதான் பேசினார்கள். அந்த டிரிப்புக்கு அவன் போயிருக்க வேண்டாம். வேறு படகில் ஏறியிருக்கலாம். ஒரு நாள் தாமதித்துப் புறப்பட்டிருந்தால். யார் மேலும் குற்றம் சொல்ல அல்ல, எங்கேயாவது ஒரு இடத்தில் அது வேறு மாதிரி திரும்பியிருக்கலாம் என்று நம்புவதற்காக. மைனி எழுந்து, ஓடுகிற வேனில் கம்பியைப் பிடித்துப் பிடித்துக் கடைசி இருக்கைக்குப் போனாள். கேப்டன் தலையில் கையை வைத்தாள். "நீ ஒண்ணும் செய்யல்ல மக்கா. ஒனக்க குத்தம் இல்ல" என்றாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "போதும், அவனக் கொல்லாதீங்க" என்றாள்.

தக்கலையில் டீ குடிக்க நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை. நான் ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை. "ஒனக்க அண்ணன் கடைசியா எறங்கிப் போவும்போ எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு தம்பி" என்றாள். நான் உட்கார்ந்தேன். "இந்த வருசம் நீங்க இல்லாம டீமு மேல போயிட்டா என்ன செய்வியன்னு சும்மா கேட்டேன். நான் கடல்ல எந்த மூலையில கெடந்தாலும், நம்ம டீமு மேல போற அன்னைக்கு கரையில வந்து நிப்பேன் பாருன்னாரு."

கடைக்காரர் டம்ளர்களை அலம்பிக்கொண்டிருந்தார்.

"அது வெளையாட்டுக்குச் சொன்னதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா எனக்குப் பிடிச்சிட்டு நிக்க வேற என்ன இருந்துது? அவருக்க ஒடம்பு வரல்ல, உடுப்பு வரல்ல. இந்த ஒரு பேச்சுதான் இருந்துது. ஒவ்வொரு வருசமும் டீமு தோக்கும்போ, சரி, இன்னும் நாளு வரல்லன்னு வச்சுக்குவேன். இன்னைக்கு கேப்டன் பந்த வச்சப்போ நான் கிரவுண்ட பாக்கல்ல. வெளி கேட்டையே பாத்துட்டு நின்னேன். இப்பம் அந்த வழியா நடந்து வருவாருன்னு." டம்ளரை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "அந்தச் சத்தம் கேட்டுதில்லா? அப்பமே தெரிஞ்சுபோச்சு தம்பி, பந்து உள்ள போயிருந்தாலும் அவரு வந்திருக்க மாட்டாரு. அவரு இல்ல."

அவள் அழவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ ஆட்டங்களில் நான் அவள் பக்கத்தில் நின்றிருக்கிறேன், தோற்கிறபோதெல்லாம் ஒரு ரசிகனாக அவளுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அடுத்த தடவை பார்த்துக்கலாம் மைனி என்று. அன்றைக்கு டம்ளரைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசல் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். மைனி முகம் கழுவவில்லை, புடவை மாற்றவில்லை. நேராக வந்து அம்மாவின் முன்னால் நின்று, "மாமி, நாளைக்கு அச்சன்கிட்ட சொல்லிருங்க. பூசை வச்சிரலாம்" என்றாள்.

அம்மா சந்தோஷப்படுவாள் என்று நான் எண்ணவில்லை. ஆனால் ஒரு நிம்மதி வரும் என்று எண்ணினேன். அவள் கேட்டுக் கேட்டுச் சலித்த விஷயம் அல்லவா. அம்மா முதலில் புரியாதவள் போல மைனியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து மைனியின் இரண்டு தோள்களையும் பிடித்து உலுக்கினாள். "என்னட்டீ சொல்லுக? வருவான்னு நீதானேட்டி சொன்னே? நீ சொன்னத வச்சில்லா நான் இத்தன நாளு உசுரோட கெடந்தேன்! வேண்டாம், பூசை வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!" என்று கத்தினாள். படகு வராமல் போன அன்றுகூட அம்மா அப்படிக் கத்தியதில்லை. அக்கம்பக்கத்தவர்கள் ஓடி வந்தார்கள், டீம் தோற்றதற்காகக் கிழவி இப்படி அழுகிறாளா என்று திகைத்து நின்றார்கள். மைனி அவளைத் தரையில் உட்காரவைத்து, தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். பூசை வேண்டும் என்று அம்மா போட்ட சண்டையெல்லாம், மைனி மறுப்பதைக் கேட்பதற்காகத்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒருத்தி மறுக்கிற பலத்தில் இன்னொருத்தி வாழ்ந்திருக்கிறாள்.

அந்த மாதமே பூசை நடந்தது. அச்சன் பிரசங்கம் வைக்காமல் சுருக்கமாக முடித்தார். டீம் பையன்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கேப்டன் மட்டும் வாசலுக்கு வெளியே நின்றான், நான் போய்க் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. பிறகு அவன் துபாய்க்குப் போய்விட்டான். அங்கே பந்தைத் தொடுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

மைனி இப்போது நாகர்கோவிலில் ஒரு பெண்கள் விடுதியில் மேற்பார்வை வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவாள். மைதானத்துக்கு வருவதில்லை. கோல் போஸ்டுக்குப் பின்னால் நான் மட்டும்தான் நிற்கிறேன். பையன்கள் புதியவர்கள், ஆட்டம் பரவாயில்லை, ஆனால் பிளே-ஆஃப் பக்கம் நாங்கள் மறுபடி போகவே இல்லை. முன் போஸ்டில் ஆள் நின்றிருக்க வேண்டும் என்று செக்ரட்டரி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை லீக் அரையிறுதி. தோற்றுவிட்டுத் திரும்பி, பூட்ஸ் சேற்றோடு முற்றம் வரை வந்த பையன்களை அனுப்பிவிட்டு உள்ளே நுழைந்தேன். அம்மாவுக்குக் கால்பந்தில் எது கோல், எது கார்னர் என்று இன்றைக்கும் தெரியாது. கட்டிலில் படுத்தபடியே, "என்னாச்சு மக்கா?" என்றாள்.

"தோத்துட்டோம்மா."

"எத்தனைக்கு?"

"ஒண்ணுக்கு."

"ஒண்ணுதானா?" அம்மா சிரமப்பட்டு எழுந்து உட்கார்ந்தாள். "அப்பம் கிட்டத்தான வந்திருக்கு. அடுத்த வருசம் மேல போயிருவோம், என்ன?"

அடுக்களையில் மீன் அறுத்துக்கொண்டிருந்த மைனியின் கை நின்றது. அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அண்ணன் சொல்லிவிட்டுப் போன அந்தப் பேச்சை அம்மாவிடம் யார் சொன்னது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மா எங்கள் இருவரில் யாராவது ஒருவர் பதில் சொல்வோம் என்று காத்துக்கொண்டிருந்தாள்.