ஏழாம் நம்பர் ரூம் தொட்டியில் குடியிருந்தவர்கள்

இன்று காலை கொசு ஒழிப்புக்கு வந்த பெண் எங்கள் வீட்டுத் தண்ணீர் டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "புழு கிடக்கு சார், கொட்டிருங்க" என்றார். மூடியைத் திறந்ததும் எழுந்த பாசி வாடை என்னை விருதுநகரிலிருந்து தூக்கி, விஸ்வநத்தம் பக்கம் நான் சூப்பர்வைசராக இருந்த பட்டாசுக் கம்பெனியில் கொண்டுபோய்ப் போட்டது. சூப்பர்வைசர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சட்டைப் பையில் ஒரு பேனா இருக்கும், அவ்வளவுதான்.

அங்கே ஒவ்வொரு ரூம் வாசலிலும் சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீரும், வாளி நிறைய மணலும் இருந்தாக வேண்டும். தீயை அணைக்கத்தான். தொட்டி ஒரு சாண் குறைந்தாலும் ரூமுக்குச் சீல் வைப்பேன் என்பார் பாதுகாப்பு பார்க்க வரும் அதிகாரி. தண்ணீர் தேங்கி நின்றால் நோட்டீஸ் கொடுப்பேன் என்பார் சுகாதாரம் பார்க்க வருகிறவர். இருவரும் ஒரே நாளில் வந்ததே இல்லை. நடுவில் மாட்டிக்கொண்ட நான் மூளையைக் கசக்கி, யாரையும் கேட்காமல், கொசுப்புழு தின்னும் மீன்குஞ்சுகளை வாங்கி வந்து தொட்டிகளில் விட்டேன்.

கொசு ஒழிந்தது. நான்கு நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். பிறகு மீனுக்குக் கொக்கு வந்தது. தொட்டியடி ஈரத்துக்குத் தவளை வந்தது. தவளைக்குச் சாரைப்பாம்பு. பாம்பைத் தேடி மயில். வந்த மயில் வந்த வேலையை விட்டுவிட்டு, மணல் வாளியைக் கவிழ்த்துப் போட்டுப் புரண்டு குளித்தது. பாம்பைக் கண்ட அன்று ஏழாம் நம்பர் ரூமிலிருந்த நான்கு பெண்களும் வெளியே ஓடிய வேகத்தை எந்தத் தீ ஒத்திகையிலும் நான் பார்த்ததில்லை.

அந்த நால்வரில் மூத்தவர் பேச்சியக்கா. மத்தியானம் கையைக் கழுவிவிட்டு, தன் தூக்குச்சட்டியிலிருந்து மீன்களுக்குச் சோற்றுப் பருக்கை போடுவார். "போடாதீகக்கா, தண்ணி கெட்டுப்போகும்" என்றால், "அதுக்கும் வகுறு இருக்குல்ல தம்பி" என்பார்.

தீபாவளி சீசனில் பாதுகாப்பு அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. "ஏதாச்சும் கோளாறுன்னா ஒன் வேலை போயிரும்லே" என்றார் முதலாளி. அப்போது எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பெண் வீட்டார் சம்மதித்ததே இந்த வேலையைப் பார்த்துத்தான். கொக்கையும் மயிலையும் விரட்டினேன். தவளைகளைச் சாக்கில் பிடித்துக் கண்மாயில் விட்டேன்; இரை போனதும் பாம்பும் போனது. மற்ற தொட்டிகளைக் கொக்கு ஏற்கெனவே காலி செய்திருந்தது; ஏழாம் நம்பர் மீனை மட்டும் அப்படியே விட்டேன். தண்ணீருக்குள் கிடப்பது யார் கண்ணில் படப்போகிறது?

அதிகாரி தொட்டியைப் பார்த்தார், மணலைப் பார்த்தார், தலையாட்டினார். போகிற போக்கில் பேச்சியக்காவிடம், "தீப்பிடிச்சா மொதல்ல என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டார்.

"மொதல்ல மீனைக் கோரி எடுத்துருவோம் சார். அப்புறந்தேன் தண்ணிய ஊத்துவோம்."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தார். "மீனை விட்டது யாரு?"

நான் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துத் திருகிக்கொண்டிருந்தேன். பேச்சியக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். "நாந்தேன் சார்" என்றார்.

அதிகாரி சீல் வைத்த ஏழாம் நம்பர் சீசன் முடியும்வரை பூட்டிக் கிடந்தது. மற்ற மூவரை வேறு ரூமுக்கு மாற்றினார்கள். பேச்சியக்காவை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மீன்களைத் தூக்குச்சட்டியில் அள்ளி, தளும்பாமல் பிடித்தபடி வேனில் ஏறினார். எனக்குக் கல்யாணம் நடந்தது.

இப்போது அந்தக் கம்பெனியில் தொட்டிகள் இல்லை. வாசலுக்கு வாசல் சிவப்பு சிலிண்டர். கொக்கு வருவதில்லை, தவளைச் சத்தம் இல்லை. மயில் மட்டும் எப்போதாவது வந்து சிலிண்டரைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போகுமாம். பேச்சியக்கா என்ன ஆனார் என்று கேட்பவர்களிடம், தெரியவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அவர் ஊர் கம்பெனியிலிருந்து வேனில் கால் மணி நேரம்தான். நான் ஒரு நாளும் போனதில்லை.