ஜெயித்தவன் பெயர்

கம்பம் ஊரில் பேருந்து நிற்கிறது. டீக்கடை டிவியில் நேற்றைய டென்னிஸ் ஆட்டத்தை மறுபடி போடுகிறார்கள். "நாளைய உலக சாம்பியன் நம்ம பையன்!" என்று வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்துகிறார். நம்ம பையன் மூன்று செட்டிலும் மண்ணைக் கவ்வுகிறான். அப்போதும் கேமரா அவன் முகத்தை விட்டு நகரவில்லை.

திராட்சைப் பெட்டியோடு என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் தோட்டக்கார அம்மாவுக்கு எரிச்சல். "குலையில நுனிப்பழம் இனிச்சாத்தான் நாங்க வெட்டுவோம். இவுக காயவே பழம்னு கூவுறாக. ஏங்க, செயிச்சவன் பேரு என்ன? ஒருக்காக்கூடச் சொல்லலையே?"

டிவியில் கத்தும் குரல் என்னுடையது. எனக்கும் அந்தப் பெயர் ஞாபகம் இல்லை. வாயைத் திறந்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்து, தெரியாது எனத் தலையை மட்டும் ஆட்டுகிறேன்.