பத்துப் பேர் ஆடிய ஆட்டம்

ஹுன்னஸ்கிரிய மலையில் எங்கள் தோட்டத்தில் சமதரை என்று சொல்ல ஒரே இடம்தான் இருந்தது. கோப்பிக்கொட்டை காயப்போடும் களம், சுண்ணாம்புக் காரை பூசிய தரை. அதற்கு நான் கணக்கப்பிள்ளை. சுற்றுவட்டாரத்துத் துரைமார் கூடி ஒரு கிரிக்கெட் கோஷ்டி அமைத்தபோது, ஆடிப் பழக அவர்களுக்கும் அந்தக் களம்தான் அகப்பட்டது. ஞாயிறு பிற்பகலானால் காய்ந்தும் காயாததுமான கொட்டையை ஓரத்தில் அள்ளிக் குவிக்கச் சொல்வார் எங்கள் துரை. அது பூசணம் பிடித்தால் மறுநாள் ஏச்சு எனக்குத்தான்.

ஒருநாள் பந்து போட ஆளில்லாமல் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குக் கை நீளம். துரைமாரின் குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நான்தான் பந்து போட்டேன், களத்தில் மட்டும். கண்டிக்குப் போட்டி ஆடப் போகும்போது நான் வெளியே ஓடும் பந்தைப் பொறுக்கும் ஆள். ஒரே ஓர் ஆட்டத்திலாவது சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பேன். "அடுத்த வருஷம் பாக்கலாம், கணக்கப்பிள்ளை" என்பார் துரை. இலவு காத்த கிளி நான்தான்.

கோஷ்டியின் சரித்திரம் முழுக்கத் தோல்வி. காரைத் தரையில் இடுப்பளவு எழும்பும் பந்து, கண்டி மைதானத்துப் புல்லில் காலடியிலேயே தவழ்ந்து வரும். பட்டணத்து உத்தியோகஸ்தர்கள் ஆண்டுதோறும் எங்களைச் சுருட்டி அனுப்புவார்கள். மைதானம் மோசம் என்று புலம்பிக்கொண்டே துரைமார் மலையேறுவார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பிறகு நோய் வந்து கோப்பி இலையில் மஞ்சள் பொட்டு விழுந்தது. செடிகள் மொட்டையாக, துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். அந்த ஆண்டு கண்டியில் இறங்கி எண்ணிப் பார்த்தால் பத்துப் பேர்தான். பதினோராவது துரைக்குக் காய்ச்சல். என் மூட்டையில் வெளுத்த வெள்ளைச் சட்டை ஒன்று இருந்தது, ஒவ்வோர் ஆண்டும் கொண்டுபோவதுதான்.

"ஆள் கொறையுதுங்களே, தொரைகளே. நான் நிக்கட்டுங்களா?"

துரை பட்டணத்தார் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "வேணாம். பத்து ஆள் போதும்."

இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. தோற்பது பெரிதில்லை, நான் நிற்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

அன்று வழக்கத்துக்கு மாறாக எங்களவர்கள் நன்றாக ஆடினார்கள். பட்டணத்தாரின் கடைசி ஆள் நின்றான். அவனைச் சாய்த்தால் எங்களுக்கு வெற்றி, அவன் நாலு ஓட்டம் எடுத்தால் அவர்களுக்கு வெற்றி. ஆள் இல்லாத மூலையைப் பார்த்து அவன் தூக்கி அடித்தான். எல்லைக் கொடிக்கு ஓரடி வெளியே அந்த மூலையில் நான்தான் நின்றேன். நின்ற இடத்திலிருந்து நகராமல் பிடித்தேன்.

எல்லைக்கு மேலே பறந்தாலும் அந்தக் காலத்தில் நாலுதான். நடுவர் நாலு ஓட்டம் என்று கை காட்டினார். பட்டணத்தார் கைதட்டினார்கள். யாரோ சிரிப்பதும் கேட்டது. பந்தை உள்ளே எறிந்துவிட்டு மூட்டையை எடுத்துக்கொண்டேன்.

தோட்டத்துக்குத் திரும்பும் வழியில் தெல்தெனியா தாண்டி ஏற்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது துரையின் குதிரை பின்னால் வந்தது. என் அருகே நிறுத்தினார்.

"நல்லாப் புடிச்ச, கணக்கப்பிள்ளை. அடுத்த வருஷம் பாக்கலாம்."

சாலைக்கு இரண்டு பக்கமும் கோப்பிச் செடிகளைப் பிடுங்கி எரித்துக்கொண்டிருந்தார்கள்.